மைலோ டின்னில் இருந்த அட்டை

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. 2014 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, கோலாவில், அதாவது குளியலறைத் தொட்டியில், தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். வலது விதையின் அடிப்பக்கத்தில், ஊறப்போடாத கொண்டைக்கடலையை உள்ளே பதித்து வைத்த மாதிரி ஒரு கெட்டி. அமுக்கினேன், வலிக்கவில்லை. நகர்த்திப் பார்த்தேன், தனியாக நகரவில்லை. விதையோடு விதையாக இருந்தது. வலிதான் இல்லையே, பிறகென்ன என்று இன்னும் நாலு முறை மொண்டு ஊற்றிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

நான்கு மாதம் அப்படியே ஓடியது.

இப்போது எனக்கு 39 வயது. விதைப் புற்று வந்து பிழைத்தவன் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படிப்பா வந்துச்சு?" என்ன மருந்து கொடுத்தார்கள், எவ்வளவு செலவு, எப்படித் தாங்கினாய் என்பதெல்லாம் அப்புறம். முதலில் காரணம் வேண்டும். கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், நான் ஏதாவது ஒரு தப்பைச் சொன்னால் அவருக்கு நிம்மதி. அந்தத் தப்பை அவர் செய்யவில்லை என்று வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் கேள்வியோடு நானும் ஒரு வருஷத்துக்கு மேல் மல்லுக்கு நின்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. 1948-இல் வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கிய ஊர் என்று சரித்திரப் பாடத்தில் வரும். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. நான் பிறந்தது பட்டணத்தில் இல்லை, உள்ளே ஒரு தோட்டத்து லயத்தில். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

கட்டியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. வார்த்தை இல்லை. எங்கள் பேச்சில் அந்த உறுப்புக்கு இருக்கிற பெயர்கள் எல்லாம் சண்டையில் பயன்படுவது. பேப்பரில் 'விந்தகம்' என்று போடுவார்கள். அதை வாயால் சொன்னவனை நான் பார்த்ததில்லை. அரசாங்கச் சுகாதார நிலையமான க்ளினிக் கெசிஹாத்தான் கவுண்டரில் மலாயில் சொல்லலாம் என்றால், நண்பர்களோடு சொல்வது 'தெலோர்', முட்டை. பத்து மக்சிக்குகள், வயதான பெண்கள், வரிசையில் உட்கார்ந்திருக்க, முட்டையில் கட்டி என்று எப்படிச் சொல்வது? டிசம்பரில் ஒருநாள் துணிந்து போனேன். ஒரு ரிங்கிட் கட்டி நம்பர் வாங்கி உள்ளே போனால், என் தங்கை வயதில் ஒரு தமிழ் டாக்டர். "சொல்லுங்கண்ணா, என்ன செய்யுது?" என்றார். "இருமல்" என்றேன். இருமல் மருந்து பாட்டிலோடு வீட்டுக்கு வந்தேன்.

இடையில் எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். காரணம் கண்டுபிடிப்பதுதான் முதல் வைத்தியம். ஆலைக்குப் போக வர தினமும் மோட்டாரில் ஒரு மணி நேரம், சூடு பிடித்திருக்கும். செப்டம்பரில் பந்து விளையாடும்போது ஒருவன் முழங்காலால் இடித்தான், அதுவாக இருக்கும். இறுக்கமான ஜீன்ஸ். பாக்கெட்டில் கைபேசி. கடைசியில் ஒரு மாமாவிடம் மட்டும் பாதி சொன்னேன். "அண்டவாயுடா, எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு" என்று ஈப்போவில் நாட்டு மருந்துக் கடையிலிருந்து கழற்சிக்காய் வாங்கி வந்து கொடுத்தார். உடைத்து, பருப்பை அரைத்து, ஆமணக்கு இலையில் வைத்துக் கட்டினேன். கெட்ட கசப்பு வாடை. பத்து நாள் கட்டினேன். மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது ஓதத்துக்கு, விதையைச் சுற்றி நீர் சேரும் வீக்கத்துக்குக் காலங்காலமாகச் செய்வது. எனக்கு இருந்தது நீர் இல்லை.

நீரா இல்லையா என்பதை ஒரு டார்ச் லைட் பார்த்துச் சொல்லிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. பிப்ரவரியில் இடுப்புக்கு மேலே நடுமுதுகில் ஒரு மந்தமான வலி தொடங்கியது. ஆலையில் சங்கிலி தூக்கியதால் என்று நினைத்தேன். இரவு படுக்க முடியாமல் போனபோது அம்மாதான் பிடித்துத் தள்ளி அனுப்பினாள். இந்த முறை ஒரு நடுத்தர வயது மலாய்க்கார டாக்டர். முதுகைத் தட்டிப் பார்த்தவர், வேறெங்கும் கட்டி உண்டா என்று கேட்டார். அப்படி அவர் கேட்டிராவிட்டால் நான் முதுகு வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அறை விளக்கை அணைத்துவிட்டு விதைப்பையின் பின்னால் டார்ச்சைப் பிடித்தார். நீர் சேர்ந்திருந்தால் சிவப்பாக வெளிச்சம் தெரியுமாம். வலது பக்கம் கல் மாதிரி இருட்டு. விளக்கைப் போட்டு, கை கழுவி, ஒன்றும் பேசாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு சூராட், கடிதம், எழுத ஆரம்பித்தார். "இன்றைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கு இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். ஸ்கேன், பிறகு ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்று மூன்று ரத்தச் சோதனைகள், ஒரு வாரத்துக்குள் அறுவை. மற்றக் கட்டிகளைப் போல ஊசி குத்தி ஒரு துண்டு எடுத்துப் பார்க்க மாட்டார்களா என்று கேட்டேன். மாட்டார்களாம். விதைப்பையைக் குத்தினால் புற்று வேறு வழியில் பரவ இடம் கொடுத்ததாகிவிடும். அதனால் இடுப்புக்குக் கீழே, தொடை மடிப்புக்கு மேலே கீறி, அந்த வழியாக விதையை முழுதாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். தையல் போட்ட இடம் குடலிறக்க அறுவை மாதிரிதான் இருக்கும். என் தழும்பு புதிதில்லை. அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு பழைய தழும்பு இருந்தது. நிபுணர் அதன்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார்.

பதினான்கு வயதில் 'குடலிறக்கம்' என்று அறுவை செய்தார்கள் என்றேன். "குடலிறக்கம் மட்டும்தானா? அம்மாவைக் கேட்டு வா" என்றார்.

அம்மா பதில் சொல்லவில்லை. அலமாரிக்கு மேலிருந்து மைலோ டின்னை இறக்கினாள். அடியில் துருப்பிடித்த பெரிய டின். அதில் பிறப்புப் பத்திரம், அப்பாவின் பழைய சம்பளச் சீட்டுகள், பள்ளி ரிப்போர்ட் கார்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு ஒரு மஞ்சள் அட்டை. நான் பிறந்த 1986-இல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்தது. எடை இரண்டு கிலோவுக்குக் கீழே. எட்டாம் மாதப் பிள்ளை நான். ஊசி போட்ட தேதிகளுக்குக் கீழே, ஓரமாக, நீல மசியில் இங்கிலீஷில் ஒரு வரி. வலது விதை தட்டுப்படவில்லை என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷமாக அந்த வரி எங்கள் வீட்டு அலமாரிக்கு மேலேயே இருந்திருக்கிறது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அந்த டின்னை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

"டிரஸர்கிட்ட கேட்டேன்யா. வளர வளர தானா எறங்கிடும்னாரு" என்றாள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் டாக்டர் என்பவர் எப்போதாவது காரில் வந்து போகிறவர். தினமும் இருப்பவர் டிரஸர்தான். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அவர்தான். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாக இறங்கத்தான் செய்கிறது. அப்போது பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களே இன்னும் சில வயது ஆகட்டும் என்று காத்திருந்த காலம். எனக்கு இறங்கவில்லை. இறங்கவில்லை என்பதை யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பதினான்கு வயதில் அடிவயிறு வீங்கி வலித்தபோதுதான் குடலிறக்கத்தோடு சேர்த்து விதையையும் கீழே இறக்கித் தைத்திருக்கிறார்கள். அறுவை முடிந்து மலாயில் ஏதோ சொன்னார்களாம். அம்மாவுக்குப் புரிந்தது "செமுவா ஓக்கே", எல்லாம் சரி என்பது மட்டும்.

இனி நான் நிபுணரிடமும் பிறகு படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கருவில் இருக்கும்போது ஆண் பிள்ளையின் விதைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. கடைசி மாதங்களில் கீழே இறங்கிப் பைக்குள் வந்து சேரும். மாதம் நிறைந்து பிறக்கும் நூறு ஆண் பிள்ளைகளில் மூன்று பேர் போல, ஒரு விதையோ இரண்டு விதைகளுமோ இறங்காமல் பிறக்கிறார்கள். குறைமாதப் பிள்ளைகளில் இது நூற்றுக்கு முப்பது வரை போகும். பிறந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அதன் பிறகு தானாக இறங்குவது அரிது. அதனால் இப்போது ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கிவிடச் சொல்கிறார்கள். விதைப் புற்றுக்கு இதுவரை உறுதியாகத் தெரிந்த ஆபத்துக் காரணிகளில் முதலிடம் இந்த இறங்காத விதைக்குத்தான். 2007-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், இப்படி அறுவை செய்துகொண்ட ஏறக்குறைய 17,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 13 வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்கு மற்ற ஆண்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஆபத்து. 13 வயதுக்குப் பின் செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல்.

எனக்குப் பதினான்கு.

இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் இதற்கு முதல் இடம். ஒரு மாதம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்து, விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே, "அன்னைக்கு நான் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்பாள். நமக்குக் 'காரணம்' என்ற சொல்லே குற்றப்பத்திரிகை மாதிரிதானே. காரணம் என்றால் காரணமானவர் ஒருவர் வேண்டும். 'ஆபத்துக் காரணி' என்பது வேறு சாமான் என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன்.

கடைசியில் செம்பனையை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. பழைய தென்னந்தோப்பை அழித்து நட்ட செம்பனைக்கு அடித்தண்டு அழுகல் நோய் கூடுதலாக வரும். இது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். "ஆனா அந்த நிலத்துல எல்லா மரமும் சாயுதாம்மா?" என்றேன். "இல்ல." "தென்னையே இல்லாத காட்ட அழிச்சு நட்டதுல சாயறதே இல்லையா?" "அதுலயும் சாயும்." "அப்ப தென்னந்தோப்பு மேல பழி போடலாமா?" அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "கொஞ்சம் போடலாம்" என்றாள். அதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. இறங்காத விதையோடு பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை. விதைப் புற்று வந்தவர்களிலோ பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் அந்த வரலாறு இருக்கிறது. ஐந்து மடங்கு என்று கேட்டால் குலை நடுங்குகிறது. மிகச் சின்ன எண்ணை ஐந்தால் பெருக்கினாலும் அது சின்ன எண்தான்.

அப்பாவின் கட்சி வேறு. அவருக்குப் பூச்சி மருந்துதான் குற்றவாளி. அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டே மருந்தடித்தவள். முதுகில் டாங்க், காலில் ரப்பர் செருப்பு, முகத்துக்கு ஒரு பழைய துணி. அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் அந்த வேலை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி பட்டு விரல் நகம் கறுத்து உதிர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் எனக்கும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தது; அம்மாமேல் இருக்கிற பாரம் கம்பெனி மேல் போய்விடும் அல்லவா. நிபுணரிடம் கேட்டேன். அவர் மழுப்பாமல் பதில் சொன்னார். டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லி உடம்பில் உடைந்து உண்டாகும் டிடிஇ ரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்கு விதைப் புற்று சற்று அதிகம் என்று அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று சொல்கிறது. வேறு ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. பாராகுவாட் விதைப் புற்றைக் கொடுக்கும் என்று காட்டும் சான்று அவரிடம் இல்லை. "அது கெட்டது என்று சொல்ல உன் புற்று தேவையில்லை. நுரையீரலுக்கு அது செய்வதே போதும்" என்றார். மலேசியாவில் அதை 2002-இல் தடை செய்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் நிறுத்தினார்கள். அந்த நாளில் அப்பா பேப்பரைக் கத்தரித்து அதே மைலோ டின்னில் போட்டு வைத்தார். என் நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம் என்று நான் மறுபடி வாதாடப் போகவில்லை.

அப்பாவின் சந்தேகத்தில் ஒரு பாதி சரிதான். இந்த நோய் பிறப்பதற்கு முன்பே விதைக்கப்படுகிறது என்றுதான் ஆராய்ச்சியாளர்களில் பலரும் நினைக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்காக்கெபேக் என்ற மருத்துவர் 1972-இல், பிள்ளைப்பேறு இல்லையென்று வந்த ஆண்களின் விதைத் துணுக்குகளில், பிற்பாடு புற்றாக மாறும் செல்களைப் பார்த்தார். கருவில் முதிர வேண்டிய செல்கள் முதிராமல் அப்படியே தங்கிவிட்டவை அவை என்று இப்போது சொல்கிறார்கள். பருவ வயதில் ஹார்மோன் ஏறும்போது அவை விழித்துக்கொள்கின்றன. வயதானவர்களைவிட்டு 15 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களையே இந்தப் புற்று அதிகம் பிடிப்பது அதனால்தான். இன்னொரு விநோதம்: டென்மார்க்கில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்த ஆண்களுக்கு, அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களைவிட இந்தப் புற்று குறைவாக வந்திருக்கிறது. தாய் சுமந்த காலத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது சாப்பாடா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை யாரும் விரல் நீட்டிச் சொல்லவில்லை. உலகிலேயே இது அதிகம் நார்வே, டென்மார்க் பக்கம், ஆசியாவில் குறைவு. 2020-இல் உலகம் முழுக்க 74,000 பேருக்கு மேல் புதிதாக வந்ததாகக் கணக்கு. ஆண்களுக்கு வரும் புற்றுகளில் நூற்றில் ஒன்று அளவுதான். அதனால்தான் எங்கள் ஊரில் என்னைத் தவிர இன்னொருவரைக் காட்ட முடிவதில்லை. அல்லது இருப்பவர்கள் வாயைத் திறப்பதில்லை.

ஒரு தலைவலி மிச்சம் இருந்தது: தம்பி. அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு ஆபத்து எட்டு முதல் பத்து மடங்கு. அப்பாவுக்கு வந்திருந்தால் மகனுக்கு நான்கு மடங்கு போல. தம்பியிடம் சொன்னபோது அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மூன்று மாதம் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன், ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "எப்படிப் பாக்கணும், சொல்லு" என்றான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். சுடுதண்ணீரில் குளித்த பிறகு பாருங்கள்; குளிரில் பை சுருங்கி மேலே ஏறியிருக்கும். ஒவ்வொரு விதையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். அவித்து உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். பின்பக்கம் மேலே கயிறு மாதிரி மெத்தென்று ஒன்று தட்டுப்படும். அது எல்லோருக்கும் இருப்பது, பயந்துவிட வேண்டாம். ஒன்று மற்றதைவிடக் கீழே தொங்குவதும், கொஞ்சம் பெரிதாக இருப்பதும் இயல்புதான். பார்க்க வேண்டியது விதைமேலேயே கெட்டியாக ஒன்று, அல்லது போன மாதம் இல்லாத கனம். வலி இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மாறாக, திடீரென்று உயிர் போகிற வலி வந்தால் அது வேறு கதை, விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிடாவிட்டால் விதை போய்விடும். அதற்கு நேரே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், கழற்சிக்காய் தேடக் கூடாது.

எல்லா ஆண்களும் மாதாமாதம் இப்படிப் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நோய் அரிது, அதிலும் பிழைப்பவர்கள் மிக அதிகம் என்பதால் எல்லோரையும் சோதிப்பது வீண் என்று அமெரிக்காவில் 2011-இல் நிபுணர் குழு ஒன்று சொல்லிவிட்டது. நியாயம்தான். என் தம்பிக்கும், இறங்காத விதையோடு பிறந்தவனுக்கும், ஒரு பக்கம் ஏற்கெனவே வந்தவனுக்கும் கணக்கு வேறு. பிள்ளைப்பேறு தள்ளிப்போய்ச் சோதனைக்குப் போகிற ஆண்களும் இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எச்ஐவி இருப்பவர்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல். உயரமானவர்களுக்கும் ஏதோ கொஞ்சம் கூடுதலாம். அதற்கு யார் என்ன செய்வது.

என் பழைய பட்டியலுக்கு வருவோம். மோட்டார், ஜீன்ஸ், கைபேசி, சூடு, இவற்றில் எதற்கும் இந்தப் புற்றோடு தொடர்பு இருப்பதாகக் காட்ட முடியவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தவர்களுக்கு வரும் என்பதும் இல்லை. பந்து விளையாட்டில் பட்ட அடி பற்றி நிபுணர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அடிபட்டுப் புற்று வருவதில்லை. அடிபட்டால் மனிதன் தடவிப் பார்க்கிறான், ஏற்கெனவே இருப்பது கையில் படுகிறது.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது செமினோமா என்ற வகை. முதுகு வலிக்குக் காரணம் சங்கிலி இல்லை. வயிற்றின் பின்புறம் முதுகெலும்பை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விட்டிருந்தது. விதையிலிருந்து வடியும் பாதை நேரே அங்கேதான் போகிறதாம். நான் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அது நடந்ததா, அதற்கு முன்பேயா என்று நிபுணரைக் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தக் கேள்வியை விட்டுவிடு" என்றார். பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் என்று மூன்று மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒரு சுற்றாக மூன்று சுற்று. 1970-களின் நடுப்பகுதி வரை பரவிவிட்ட விதைப் புற்று என்றால் பெரும்பாலும் முடிந்த கதை. அமெரிக்காவின் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் 1974-இல் சிஸ்பிளாட்டினைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் கதை மாறியது. இன்றைக்கு இந்தப் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு தொண்ணூற்றைந்து பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். எனக்கு முடி கொட்டி முளைத்தது. கால் விரல்களில் மரமரப்பும் காதில் ஒரு ஙொய் சத்தமும் இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டில் பிறந்த பூச்சி ஒன்று உள்ளே குடியிருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். இனி எப்போது மயக்க மருந்து கொடுத்தாலும் பிளியோமைசின் போட்டவன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும் என்று கையில் ஒரு சீட்டும் கொடுத்தார்கள். பர்சில் வைத்திருக்கிறேன்.

மருந்து ஏற்றுவதற்கு முன்பு விந்தைச் சேமித்து வைக்கச் சொன்னார்கள். அப்போது நான் கல்யாணமாகாதவன். இந்தப் பேச்சை அப்பாவை வைத்துக்கொண்டு பேச முடியாது என்று டாக்டரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். கோலாலம்பூர் வரை போய்ப் பணம் கட்டிச் சேமித்தோம். அந்தப் பயணத்தில் பேருந்துக்குக் காசு கொடுத்தது இருமல் மருந்து எழுதிக்கொடுத்த அதே தமிழ் டாக்டரின் க்ளினிக்கில் வேலை செய்யும் என் பள்ளித் தோழன். "அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமேடா, அவங்க எவ்வளவு பேருக்குப் பாத்திருப்பாங்க" என்றான். ஈப்போ திரும்பும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேமித்ததைப் பயன்படுத்த வேண்டி வரவில்லை. ஒரு விதை போதும் என்று டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. 2017-இல் கல்யாணம். பெண் பார்க்கப் போனபோதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவள் கேட்ட முதல் கேள்வியும் "எப்படி வந்துச்சு?" தான். 2019-இல் மகன் பிறந்தான். மாதம் நிறைந்த பிள்ளை.

ஒரு மாதத்தில் க்ளினிக் கெசிஹாத்தானுக்குத் தூக்கிப் போனோம். அம்மாவும் கூட வந்தாள். நர்ஸ் பிள்ளையை எடை போட்டார், தலையை அளந்தார், நாப்பியைக் கழற்றிப் பார்த்தார், புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார். நான் கேட்க வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்து முன்னால் போனாள். நாற்பது வருஷம் தோட்டத்தில் கற்றுக்கொண்ட மலாயில், வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "துவா-துவா அடா?" என்றாள். இரண்டும் இருக்கிறதா?

"அடா, மக்சிக்" என்று நர்ஸ் சிரித்தார்.

"துலிஸ்" என்றாள் அம்மா. எழுது. நர்ஸ் எழுதி முடிக்கும்வரை அந்த மேசையைவிட்டு அவள் நகரவில்லை.